கணக்கில் வராத சேதாரம்

நகைக் கடையில் நாம் பெறும் சீட்டில் பொன்னின் விலைக்குக் கீழே செய்கூலி, சேதாரம் என்னும் இரண்டு வரிகள் தவறாமல் இருக்கும். பொற்கொல்லர் உருக்கி, அறுத்து, இழைக்கும்போது துகளாய்ப் போகும் பொன்னுக்கு நாம் கொடுக்கும் ஈடே சேதாரம். அதைக் குறைக்கச் சொல்லி வாதாடாத தாய்மார்கள் நம் பங்குகளில் அரிது. ஆனால் அப்பொன் கடைக்கு வருமுன், மண்ணைவிட்டு வெளியேறிய இடத்தில் நேர்ந்த சேதாரம் எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. அதைக் குறித்து எழுதப்பெற்ற மிகப் பழைய வழக்குரை ஒன்றை அண்மையில் மீண்டும் படிக்க நேர்ந்தது. பொன் வெட்டுவதை நீடித்த தொழிலாக, சுற்றுச்சூழலுக்கு ஊறில்லாத தொழிலாக நடத்த இயலும் என்று இன்று சொல்வோரின் வாதங்கள் யாவும் அந்நூலில் அன்றே இருக்கக் கண்டு வியந்தோம். அவற்றை எடைபோட்டுப் பார்க்க விழைகிறோம்.

அந்நூல் 1556-இல் பாசெல் நகரில் இலத்தீன் மொழியில் அச்சான 'தே ரே மெத்தாலிக்கா'. உலோகங்களைப் பற்றியது என்பது அப்பெயரின் பொருள். ஆசிரியர் சாக்சனி நாட்டு மருத்துவர் அகிரிகோலா. அவருடைய இயற்பெயர் செருமானிய மொழியில் உழவன் எனப் பொருள்படும், அதையே இலத்தீனாக்கிக்கொண்டார். உழவன் என்று பெயர் பூண்டவர் உழவுக்கு எதிராகச் சுரங்கத்தின் பக்கம் நின்று வழக்காடினார் என்பது வரலாற்றின் சிறு குறும்பு. வெள்ளிச் சுரங்க ஊரான யோவாக்கிம்சுதாலில் மருத்துவராய் இருந்து, தொழிலாளரோடு பழகி, உலைகளையும் பொறிகளையும் நேரிற் கண்டு எழுதியவர். ஊரும் அரசும் சீர்திருத்த சபைக்கு மாறியபோதும் அவர் கத்தோலிக்கராகவே வாழ்ந்து 1555-இல் மறைந்தார். கெம்னிட்சு நகரத்திற்குத் தலைவராகவே பணியாற்றிய அவரை அந்நகரில் அடக்கம் செய்ய இடம் மறுக்கப்பட்டது. உடலைத் தொலைவிலுள்ள சைட்சு பேராலயத்திற்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நிலத்தின் ஆழங்களை உலகுக்கு எழுதிக் காட்டியவருக்குத் தம் ஊர் நிலத்தில் ஆறடி கிடைக்கவில்லை. மரப்பலகையில் செதுக்கிய படங்கள் முடியக் காலதாமதமானதால், நூல் வெளிவந்ததையும் அவர் காணவில்லை.

நூல் பன்னிரண்டு பகுதிகளைக் கொண்டது. கனிம ஓட்டத்தைக் கண்டறிவது, அளப்பது, தோண்டுவது, நீர் இறைப்பது, கல்லை இடிப்பது, உருக்குவது, பொன்னை வெள்ளியிலிருந்து பிரிப்பது என வரிசையாகச் செல்கிறது. 1912-இல் இதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் எர்பர்ட்டு ஊவரும் அவர் துணைவியார் லூ என்றி ஊவரும். ஆஸ்திரேலியப் பொற்சுரங்கங்களில் பொறியாளராய் இருந்த இந்த ஊவரே பின்னர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார்.

நமக்கு இங்கே வேண்டியது முதற்பகுதி. அதில் அகிரிகோலா, சுரங்கத் தொழிலை வெறுப்போரின் குற்றச்சாட்டை ஒளிக்காமல் முழுமையாக எடுத்துவைக்கிறார். தோண்டுவதால் வயல்கள் பாழாகின்றன. மரங்களும் விறகும் வேண்டிக் காடுகள் அழிகின்றன. காடு போகவே பறவைகளும் விலங்குகளும் போகின்றன. கனிமம் கழுவிய நீர் ஓடைகளில் கலந்து மீன்களைக் கொல்கிறது. சுற்றிலும் வாழ்வோர் அன்றாடத் தேவைக்கே அல்லற்படுகிறார்கள். ஆகவே எடுக்கும் உலோகத்தின் மதிப்பைவிட இழப்பே பெரிது என்பது குற்றச்சாட்டு. நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதியது இது. சுற்றுச்சூழல் என்னும் சொல்லே பிறக்காத காலத்தில், இன்றைய ஆய்வறிக்கைகளின் தலைப்புகள் ஒன்றுவிடாமல் இங்கே இருக்கின்றன. எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எழுதிக் காட்டிவிட்டுப் பதில் சொல்லும் நேர்மை இவரிடம் உண்டு. இன்றைய சுரங்க நிறுவனங்களின் பளபளப்பான ஆண்டறிக்கைகளில் நாம் தேடித் தோற்பது இந்த நேர்மையைத்தான்.

அவருடைய மறுமொழிகளுள் மூன்று முக்கியமானவை. முதலாவது, சுரங்கங்கள் பெரும்பாலும் விளைச்சலுக்கு உதவாத மலைகளிலும் இருண்ட பள்ளத்தாக்குகளிலுமே அமைகின்றன; அங்கே கெடுவதற்கு அதிகம் இல்லை. இரண்டாவது, மீனும் பறவையும் குறைந்தால் என்ன, உருக்கிய உலோகத்தைக் கொடுத்து வேண்டிய மட்டும் வேற்றிடங்களிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது, பொன்னிடத்தில் குற்றமில்லை. அதைத் தவறாகப் பயன்படுத்தும் மனிதரிடத்திலேயே குற்றம். உலோகம் இல்லையேல் மனிதர் விலங்குகளோடு விலங்காய்க் காட்டுக் கனி தின்று வாழ நேரும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். இந்தக் கடைசிக் கூற்று இரும்புக்கும் செம்புக்கும் பொருந்தும். பொன்னுக்குப் பொருந்துமா? இரும்பில்லாமல் உழமுடியாது, மூக்குத்தி இல்லாமல் உழலாம். எல்லா உலோகங்களையும் ஒரே கூடையில் போட்டு வழக்காடியது அகிரிகோலாவின் முதற்பிழை என்று கருதுகிறோம். இன்று மின்னணுக் கருவிகளுக்கும் மருத்துவத்துக்கும் பொன் தேவைப்படுவது உண்மையே. ஆயினும் ஆண்டுதோறும் உலகில் வெட்டியெடுக்கப்படும் மூவாயிரம் டன்னுக்கு மேற்பட்ட பொன்னில் அத்தேவைக்குப் போவது சிறு பங்கு. பெரும்பகுதி கழுத்துக்கும் பெட்டகத்துக்கும் போகிறது. அதாவது ஓரிடத்தில் குழியிலிருந்து எடுத்து, வேறோரிடத்தில் பூட்டிவைக்கிறோம்.

இம்மூன்று மறுமொழிகளையும் உரசிப் பார்க்க நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. கோலார் தங்கவயல் இருக்கிறது. அது கர்நாடக மண்ணே எனினும், அதன் ஆழத்தில் இறங்கியோரில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் போன தமிழர்கள். அவர்களுள் தலித் மக்களே மிகுதி. நம் திருச்சபையின் மக்களும் அவர்களிடையே கணிசமாக உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் அன் சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் அங்கே கால்வைத்தது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டன. இக்காலத்தில் கிடைத்த பொன் ஏறத்தாழ 800 டன். அதற்காக மேலே கொண்டுவந்து மாவாய் அரைத்த கல் ஐந்து கோடி டன் அளவினது. சராசரியாகப் பார்த்தால் ஒரு சவரனுக்கு அரை டன் கல். கடைசி ஆண்டுகளில் ஒரு டன் கல்லில் மூன்று நான்கு கிராமே தேறியதால், ஒரு சவரனுக்கு இரண்டு டன்னுக்கு மேல் அரைக்க வேண்டியிருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அங்கே பாறையின் வெப்பம் அறுபது பாகையைத் தாண்டியது.

விளையாத நிலம் என்னும் முதல் மறுமொழி இங்கே விழுந்துவிடுகிறது. நிலம் விளையாததாய் இருந்திருக்கலாம். ஆனால் சுரங்கம் தனக்குள்ளே மட்டும் வாழ்வதில்லை. தொலைவிலுள்ள ஆறுகளையும் தன்பால் இழுத்துக்கொள்கிறது. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து பிறந்த மின்சாரம் முதலில் போனது இச்சுரங்கங்களுக்கே. பெங்களூர் நகரம் 1905 வரை காத்திருந்தது. குடிக்கவும் கழுவவும் நீர், பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. அந்தப் பாலாற்றின் கீழ்க்கரையிலே நம்மவர் மணலைத் தோண்டிக் குடிநீர் தேடுகிறார்கள். அதற்குச் சுரங்கம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம், அது நேர்மையாகாது. என்றாலும், ஒரு சுரங்கத்தின் எல்லையை அதன் வேலியோடு நிறுத்தி அளந்தது அகிரிகோலாவின் கண் செய்த பிழை. மேலும், யாருமற்ற மேடு என்று அவர் எண்ணிய இடத்தில் சுரங்கமே ஓர் ஊரை உண்டாக்குகிறது. அங்கே திருமுழுக்கும் திருமணமும் நடக்கின்றன. கல்லறைத் தோட்டம் எழுகிறது. கனிமம் தீர்ந்தாலும் ஊர் தீர்வதில்லை.

இரண்டாம் மறுமொழி இன்னும் விரைவில் வீழ்கிறது. உலோகத்தைக் கொடுத்து மீனையும் பறவையையும் வாங்கலாம் என்றால், உலோகம் அவ்விடத்தாரின் கையில் இருந்தாக வேண்டும். கோலாரின் பொன் கப்பலேறி இலண்டனுக்குப் போயிற்று. ஈவுத்தொகையும் அங்கேயே பங்கிடப்பட்டது. கோலாரில் தங்கியது மணல். அகிரிகோலாவின் தராசில் இழப்பு ஒரு தட்டிலும் ஆதாயம் மறு தட்டிலும் இருக்கின்றன. இரு தட்டுகளும் வெவ்வேறு மனிதரின் வீட்டில் தொங்குகின்றன என்பதை அவர் சொல்லவில்லை.

அந்த மணலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1887-இல் கிளாசுகோவில் காப்புரிமை பெற்ற முறையின்படி, மாவாய் அரைத்த கல்லைச் சயனைடு கலந்த நீரில் ஊறவைத்தால் பொன் அந்நீரில் கரைந்துவிடும். பின்னர் அதைப் பிரித்தெடுக்கலாம். எஞ்சிய சக்கை மணலை ஊருக்கு நடுவிலும் ஓரத்திலும் கொட்டினார்கள். மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அச்சக்கை இன்று குன்றுகளாய் நிற்கிறது. ஊரார் அவற்றைச் சயனைடு மலை என்கிறார்கள். திரைப்படக்காரர்களுக்கு அவை சண்டைக் காட்சிக்கு ஏற்ற பின்னணி. நச்சின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடும் என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. சிதையாதது சிலிக்கா கலந்த நுண்தூள். காற்று மிகும் மாதங்களில் அது பறந்து, காய்ந்த துணியிலும் சமைத்த சோற்றிலும் படிகிறது. ஒரு கோடையில் அவ்வூர்த் தொழிலாளர் குடியிருப்பில் தங்கியபோது, குடத்து வாயைத் துணியால் கட்டிவைத்திருப்பதை வீடுதோறும் கண்டோம். ஏன் என்று கேட்டதற்கு, "மலை உள்ளே வந்துடுது" என்றார் ஒரு மூதாட்டி.

பாறைத்தூளால் நுரையீரல் கல்லாகும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் மருத்துவப் பதிவு பெற்ற தொடக்க இடங்களுள் ஒன்று கோலார். இங்கே அகிரிகோலாவுக்கு நாம் தலைவணங்க வேண்டும். அவருடைய ஆறாம் பகுதியில், கார்பாத்திய மலைச் சுரங்க ஊர்களில் ஏழு கணவரை மணந்து எழுவரையும் மார்பு நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்று எழுதுகிறார். முகத்தில் துணி கட்டிக்கொள்ளவும், காற்றோட்டம் அமைக்கவும் வழி சொல்கிறார். நூல் முழுவதிலும் வழக்கறிஞராய்ப் பேசுகிறவர் இவ்விடத்தில் மருத்துவராகிவிடுகிறார். நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் இவையே. ஆனால் அந்த ஏழு கணவரின் இறப்பை அவர் முதற்பகுதியின் தராசில் வைத்து நிறுக்கவில்லை. வைத்திருந்தால் முள் எப்பக்கம் சாய்ந்திருக்கும்?

அதே கார்பாத்தியப் பகுதிக்கு மீண்டும் செல்ல வேண்டியிருக்கிறது. ருமேனியாவின் பாயா மாரே நகரில், பழைய சுரங்கங்கள் விட்டுச்சென்ற சக்கை மணலை மறுபடி சயனைடிட்டுக் கழுவி எஞ்சிய பொன்னை எடுக்கும் ஆலை ஒன்று நிறுவப்பட்டது. பழைய குப்பையை அகற்றுவதால் ஊர் தூய்மையாகும், பொன்னும் கிடைக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 2000 ஜனவரி 30 இரவில் அதன் தேக்கக்கரை உடைந்தது. ஒரு இலட்சம் கன மீட்டர் நச்சுநீர் ஓடைகள் வழியே திசா ஆற்றிலும், அதன் வழியே தானூபிலும் கலந்தது. அங்கேரி நாட்டில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. அகிரிகோலா எடுத்துரைத்த மீன் பற்றிய குற்றச்சாட்டு, அவர் அதை மறுத்து 444 ஆண்டுகளுக்குப்பின் ஆற்றின் மேல் மிதந்து வந்தது. அதன்பின் சயனைடைக் கையாளப் பன்னாட்டு விதிமுறை வகுத்தார்கள், நல்லதே. ஆனால் அதில் சேர்வது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

கோலாரின் 13 சக்கை மேடுகளிலும் எஞ்சிய பொன்னை எடுக்கும் நடுவண் அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. வேலை வரும் என்று மக்கள் மகிழ்கிறார்கள். அம்மகிழ்ச்சியை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக விடியுமுன் தொடர்வண்டி பிடித்துப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் இரவில் திரும்பும் மக்கள் அவர்கள். நாம் கேட்பது வேறு. மேட்டைக் கலைக்கும்போது எழும் தூசிக்கு யார் பொறுப்பு? கழுவிய மணல் மறுபடி எங்கே போகும்? கழுவ நீர் எந்த ஏரியிலிருந்து வரும்? பாயா மாரேயின் பெயர் இக்கேள்விகளோடு சேர்த்து அவ்வூர் மன்றங்களில் உச்சரிக்கப்பட வேண்டும்.

மூன்றாம் மறுமொழிக்கு வருவோம். பொன்னில் குற்றமில்லை, மனிதரில்தான் குற்றம் என்பது நம் ஞானோபதேசத்தோடு ஒத்துப்போவதால் நம்மை எளிதில் மயக்கும். படைக்கப்பட்டவை யாவும் நல்லவை என்று நாமும் நம்புகிறோம் அல்லவா? ஆனால் இங்கே ஒரு நழுவல் இருக்கிறது. அகிரிகோலா பேசுவது பேராசை, களவு, போர் முதலிய தீயோரின் குற்றங்களை. சுரங்கத்தின் சேதாரத்துக்கோ தீயோர் தேவையில்லை. நேர்மையான பொறியாளரும், பக்தியுள்ள மேலாளரும், பிள்ளைகளைப் படிக்கவைக்க உழைக்கும் தொழிலாளியும் சேர்ந்தே ஐந்து கோடி டன் கல்லை அரைத்தார்கள். டன்னுக்கு ஒரு கிராம் தேறும் கல்லில் ஒரு சவரன் எடுக்க எட்டு டன் அரைத்தே ஆகவேண்டும். அரைப்பவர் புனிதராயினும் கணக்கு மாறாது. பாதரசத்தால் பொன்னைப் பற்றி, மெல்லிய தோலிலோ துணியிலோ பிழியும் முறையை அகிரிகோலாவே விளக்குகிறார். அமேசான் காட்டிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழைச் சிறுசுரங்கத்தார் இன்றும் அவ்வாறே பிழிந்து, எஞ்சிய பாதரசத்தை நெருப்பில் ஆவியாக்குகிறார்கள். மனிதச் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்திற்கு உலகிலேயே பெரிய ஊற்றுக்கண் அதுதான். பிழிகிறவரைப் பேராசைக்காரர் என்று நாம் தீர்ப்பிட்டால், அவர் பிழிந்ததை வாங்கி அணியும் நம்மை என்னவென்பது?

திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 51-ஆம் பத்தியை அகிரிகோலாவின் பக்கத்தில் வைத்துப் படித்தோம். பொற்சுரங்கப் பாதரசத்தை அது பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. அதே பத்தியில், நிறுவனங்கள் வெளியேறும்போது விட்டுச்செல்லும் வேலையின்மையையும் வெறிச்சோடிய ஊர்களையும் குடைந்த மலைகளையும் பற்றி அர்ஜென்டினா ஆயர்கள் கூறியதை எடுத்தாள்கிறது. கோலாரைக் காணாமலே கோலாரை எழுதியது போலிருக்கிறது. அகிரிகோலாவின் பன்னிரண்டு பகுதிகளிலும் சுரங்கத்தைத் திறக்கவும் நடத்தவும் வழி உண்டு. மூடியபின் அம்மண்ணையும் மக்களையும் என்ன செய்வது என்பதற்கு ஒரு பகுதியும் இல்லை. அவர் எழுதாமல் விட்ட பகுதியின் தொடக்கத்தை இந்தப் பத்தியில் காண்கிறோம். நீடித்த சுரங்கம் என்னும் சொற்றொடரை நாம் ஐயுறுவதும் இதனால்தான். பொற்கல் முளைப்பதில்லை. எந்தச் சுரங்கமும் முடிந்தே தீரும். நீடிப்பது குழியும் மணலும்தான்.

ஆயினும் சுற்றுமடலின் அப்பத்தியிலும் நமக்கு ஒரு குறை தென்படுகிறது. வடக்கு நாடுகள் தெற்கு நாடுகளுக்குப் பட்ட சூழற் கடனைப் பற்றி அது பேசுகிறது. கோலாரின் முதற்பாதிக்கு அது சரி. 1956 முதல் 2001 வரை மணலைக் கொட்டியதும், கொட்டியபடியே விட்டுப்போனதும் நம் அரசுகள்தாம். வாங்கியதும் நாம்தாம். கடன்பட்டவரைக் கடலுக்கு அப்பால் மட்டும் தேடினால் கணக்கு பாதியில் நின்றுவிடும்.

வேறோர் ஆயரின் செயலும் நினைவுக்கு வருகிறது. நான்காம் நூற்றாண்டில், உரோமைப் படை அதிரியானோப்பிளில் தோற்றபின் சிறைப்பட்டோரை மீட்க, மிலான் ஆயர் புனித அம்புரோசு ஆலயத்தின் பொற்பாத்திரங்களை உடைத்து உருக்கினார். எதிர்ப்பு எழுந்தபோது அச்செயலை எழுத்திலும் நியாயப்படுத்தினார். பொன் துருப்பிடிப்பதில்லை, தேய்வதும் மிகக் குறைவு. மனிதர் இதுவரை வெட்டிய பொன்னில் பெரும்பகுதி எங்கேனும் ஓரிடத்தில் இன்றும் இருக்கிறது. இரும்பைப்போல் மறுபடி மறுபடி தோண்ட வேண்டிய கட்டாயம் இந்த உலோகத்துக்குத்தான் மிகக் குறைவு. பாட்டியின் காசுமாலையை உருக்கிப் பேத்தியின் தாலி செய்த வழக்கம் நம் வீடுகளில் இருந்ததே. இன்று அட்சய திருதியை அன்று கத்தோலிக்கக் குடும்பங்களும் கடைவாசலில் வரிசையில் நிற்கக் காண்கிறோம். அது யாருடைய நாள் என்ற வழக்கை வேறொரு முறை பேசலாம். புதுப்பொன் கேட்டு நிற்கும் வரிசை நீள நீள விலை ஏறுகிறது. விலை ஏற ஏற, நேற்றுவரை தோண்டத் தகாதென்று விட்ட ஏழைக் கல்லும் தோண்டத்தக்கதாகிறது. கோலாரின் மணல்மேடுகள் இருபது ஆண்டு கிடந்தபின் திடீரெனச் செல்வமானது அங்கே புதிதாகப் பொன் முளைத்ததாலன்று.

தேர்த் திருவிழாவுக்கு அன்னையின் சுருபத்திற்குப் புதிய பொன்முடி செய்யத் தீர்மானிக்கும் பங்குப் பேரவைகள் நம் மறைமாவட்டத்திலும் உண்டு. காணிக்கைப் பெட்டியில் விழுந்த பழைய மோதிரங்களும் தோடுகளும் அதற்குப் போதுமா என்று முதலில் நிறுத்துப் பார்க்கலாம். போதாமற்போனால் முடியைச் சற்றுச் சிறிதாகச் செய்யலாம்.